அத்தியாயம் 9: குறட்டைக்குப் பொறுப்பு யார்?

போன வார இதழைப் பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுத்துவிட்டு இன்னும் திரும்ப வாங்காதவர்களுக்காக, நடந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் மூக்குக்குள் இருக்கும் நடுச்சுவர் சின்ன வயதிலிருந்தே இடது பக்கம் சாய்ந்திருந்தது. ஐம்பத்திரண்டு வயது வரை பகலில் வாயால் மூச்சு விட்டார்; இரவில் குறட்டை விட்டார். ஒன்பது வருஷங்களுக்கு முன் ஒருநாள், கணக்கு டீச்சரான அவர் மனைவி ஒரு வார்த்தை பேசாமல் தலையணையை இடுக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குக் குடிபோனார். மூன்று மாதங்களுக்கு முன் கண்ணாடிக்காரர் துணிந்து ஆபரேஷன் செய்துகொண்டார். சுவர் நிமிர்ந்தது. குறட்டை நின்றது.

தலையணைதான் இன்னும் திரும்பி வரவில்லை.

இனி, அந்த வியாழக்கிழமை.

கண்ணாடிக்காரர் கண் விழித்தது பால் வாசனையில். பொங்குவதற்கு முந்தைய வாசனை.

"பால்!" என்று படுக்கையிலிருந்தே குரல் கொடுத்தார்.

சமையலறையில் அடுப்பு அணையும் சத்தம் கேட்டது. கூடவே டீச்சரின் குரலும்.

"வீடே பத்தி எரிஞ்சாலும் தெரியாத மனுஷன், இப்ப படுத்துக்கிட்டே அடுப்பை நடத்துறாரு. அந்த டாக்டர் மூக்குக்கு ஒரு மூடியும் குடுத்து அனுப்பியிருக்கலாம்."

கண்ணாடிக்காரர் சிரித்துக்கொண்டார். ஆபரேஷனுக்கு அப்புறம் உலகம் அவருக்கு மறுபடி ஒருதரம் பிறந்திருந்தது. காலையில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு எழுந்திருப்பதில்லை. சாப்பிட்டுக்கொண்டே மூச்சுவிட முடிந்தது. இத்தனை வருஷம் இரண்டு வாய்க்கு ஒருமுறை சாப்பாட்டை நிறுத்திக் காற்று வாங்கியதை, "நிதானமா மென்னு சாப்பிடறாரு" என்று மாமியார் வீட்டில் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒரே ஒரு வாசனைதான் அவருக்குப் பிடிபடவில்லை. பக்கத்து அறையிலிருந்து, ஆறு வாரமாக, தினமும் வரும் பச்சைத் தைலத்தின் வாசனை. பரீட்சைத் தாள் திருத்தித் திருத்தித் தலைவலி போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டார். கேட்கவில்லை. டீச்சரிடம் தலைவலியா என்று கேட்டால், அதற்குக் காரணம் யார் என்று பதில் வரும்.

"ஏங்க, மூணு மணிக்கு ஆஸ்பத்திரி. அந்தப் பேப்பரை எடுத்து வெச்சீங்களா?"

"நேத்தே வெச்சுட்டேன்."

அந்தப் பேப்பருக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதில் ஐந்தே கேள்விகள். மூக்கு கனமாக இருக்கிறதா, அடைத்துக்கொள்கிறதா, மூச்சுவிடக் கஷ்டமா, தூக்கம் கெடுகிறதா, மாடிப்படி ஏறினால் காற்று போதவில்லையா. ஒவ்வொன்றுக்கும் சைபரிலிருந்து நாலு வரை போட வேண்டும். கஷ்டமே இல்லை என்றால் சைபர். தாங்க முடியவில்லை என்றால் நாலு.

ஆபரேஷனுக்கு முன்னால் இதே தாளில் கண்ணாடிக்காரர் ஐந்துக்கும் சைபர் போட்டிருந்தார். பொய் இல்லை. உலகத்தில் எல்லாரும் வாயால்தான் மூச்சு விடுகிறார்கள், மரியாதைக்காக வெளியே சொல்வதில்லை என்றே அவர் நம்பியிருந்தார். டீச்சர் அந்தத் தாளைப் பிடுங்கி, சிவப்பு மையால் ஐந்து சைபரையும் அடித்து, ஐந்து நாலு போட்டு, ஓரத்தில் 'கேள்வியைப் புரிந்துகொள்ளவில்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். டாக்டரம்மா அதை இன்னும் கோப்பில் பத்திரமாக வைத்திருக்கிறாராம்.

"சைபர் வாங்கினாத்தான் பாஸாம். என்ன பரீட்சையோ!" என்று டீச்சருக்கு இன்றுவரை ஆறவில்லை.

ஆனால் இந்தமுறை அந்தத் தாளில்தான் கண்ணாடிக்காரரின் மொத்த வாழ்க்கையும் இருந்தது. போன மாதம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அவர் ஒரு பேச்சு எடுத்திருந்தார்.

"குறட்டைதான் நின்னுடுச்சே... நம்ம ரூம்ல ஃபேன் கூட நல்லா ஓடுது."

டீச்சர் தாள் கட்டிலிருந்து தலை நிமிராமல் சொன்னார். "நின்னுடுச்சுனு நீங்க சொன்னா ஆச்சா? நாலாவது கேள்வி, தூக்கம். அதுக்கு சைபர்னு டாக்டர் கையெழுத்துப் போடட்டும். அப்புறம் பாக்கலாம்."

அதனால்தான் அன்று கண்ணாடிக்காரர் இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டார். இரண்டுமுறை தலை வாரினார்.

காலையில் கடையில் வேலை ஓடவில்லை. வந்தவர்கள் எல்லாரும் கண்ணாடியைப் பார்க்காமல் அவர் மூக்கையே பார்த்தார்கள்.

"ஆபரேஷன்னு சொன்னீங்களே, எங்க?"

"உள்ள."

"வெளிய அப்படியேதானே இருக்கு?"

"வீட்டுக்குள்ள ஒரு சுவரை நிமிர்த்தினா, வாசல் கதவு மாறிடுமா?"

அவர் தொழிலே மற்றவர்கள் மூக்கின் மேல் நடக்கிற தொழில். முப்பது வருஷமாக ஃபிரேம் பொருத்தக் குனியும்போதெல்லாம், திறந்த வாயால் வாடிக்கையாளர் முகத்தில் ஊதிக்கொண்டிருந்திருக்கிறார். லென்ஸில் ஆவி படியும். "மங்கலா இருக்கே" என்பார்கள். இவர் உடனே பவரைக் கூட்டுவார். அப்படி எத்தனை பேருக்குக் கூட்டினாரோ! இரண்டு மாதமாக ஒவ்வொருவரையும் கூப்பிட்டு இலவசமாகக் கண் பரிசோதனை செய்துகொண்டிருந்தார். காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

மூன்று மணிக்கு ஆஸ்பத்திரி. டோக்கன் இருபத்தேழு. உள்ளே போயிருந்தது பதினொன்று.

பெஞ்சில் கண்ணாடிக்காரருக்கு வலது பக்கம் டீச்சர், மடியில் பரீட்சைத் தாள் கட்டு. இடது பக்கம் ஆஜானுபாகுவாக ஒரு பஸ் டிரைவர். மறுநாள் காலை அவருக்கும் இதே ஆபரேஷன். ஆள் பார்க்கத்தான் மலை மாதிரி, டோக்கனைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"சார், ரொம்ப வலிக்குமா?"

"வலி இல்லீங்க. ஒரு வாரம் மூக்குக்குள்ள தகடு வெப்பாங்க. தலைக்குள்ள யாரோ சிமென்ட் ரொப்பின மாதிரி இருக்கும். தூங்க முடியாது, தும்ம பயமா இருக்கும். அது நரகம்தான். பொய் சொல்ல மாட்டேன்."

டிரைவர் வாசல் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

"ஆனா அந்தத் தகட்டை எடுத்து, கழுவி விட்டு, மூச்சு இழுங்கனு சொல்வாங்க பாருங்க... நான் அழுதுட்டேன்."

"வலியிலயா?"

"இல்லீங்க. காத்து இவ்வளவு ஜில்லுனு இருக்கும்னு எனக்கு அதுவரைக்கும் தெரியாது."

டிரைவர் டோக்கனைச் சுருட்டுவதை நிறுத்தினார். அந்த நேரம் பார்த்துக் கண்ணாடிக்காரரின் வலது தோளில் ஏதோ கனமாக வந்து விழுந்தது.

டீச்சரின் தலை.

நாலு நாளாக விடிய விடியத் திருத்திய களைப்பு. தாள் கட்டு முகத்தை மறைத்தபடி சரிந்திருக்க, டீச்சர் அசந்து தூங்கிவிட்டார்.

கண்ணாடிக்காரர் அசையவில்லை. மூச்சைக் கூடப் பார்த்துப் பார்த்து விட்டார். ஒன்பது வருஷம்! தோள் மரத்துப்போனாலும் பரவாயில்லை, டோக்கன் நூற்றிருபதாக இருந்தாலும் பரவாயில்லை என்று தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். பழைய பழக்கத்தில் வாய் லேசாகத் திறந்துகொண்டது.

இவ்வளவு பக்கத்தில் தைல வாசனை இன்னும் கூர்மையாக வந்தது. நெற்றியிலிருந்து வரவில்லை. மூக்குத் துவாரத்தின் ஓரத்திலிருந்து வந்தது.

தலைவலிக்கு யாராவது மூக்குக்குள் தைலம் தடவுவார்களா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் அது ஆரம்பித்தது.

முதலில் மெல்லிசாக ஒரு விசில். அடுத்து, ஈர மரத்தில் ரம்பம் இறங்குவதுபோல ஓர் இழுப்பு. கடைசியில் தகர ஷட்டரை ஒரே தள்ளில் ஏற்றுவதுபோல ஒரு முழக்கம். கொஞ்சம் இடைவெளி. மறுபடி விசில்.

கண்ணாடிக்காரர் கண்ணைத் திறக்கவில்லை. திறக்காமலே டீச்சர் சொல்லித் தராத ஒரு கணக்குக்கு அவருக்கு விடை வந்துவிட்டது. ஆறு வாரத்துக்கு முன் பள்ளிச் சுற்றுலா. ஒரே அறையில் எட்டு டீச்சர்கள். திரும்பி வந்தவர் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் தைலம். நாலாம் நாளிலிருந்து, 'தாள் திருத்தணும்', 'அந்த ஜன்னல்ல வெயில் வருது', 'டாக்டர் கையெழுத்துப் போடட்டும்'.

ஆக, டீச்சரும் குறட்டைதான். எத்தனை வருஷமாகவோ! கண்ணாடிக்காரரின் இடிமுழக்கத்தில் இந்த ரம்பம் யார் காதிலும் விழவில்லை. இப்போது இடி நின்றுவிட்டது. ஒரே அறையில் படுத்தால் சாயம் வெளுத்துவிடும்.

ஆஸ்பத்திரி அறையில் பேச்சு நின்றுபோயிருந்தது. கண்ணாடிக்காரர் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார். பதினைந்து பேரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நியாயம்தானே! கண்ணை மூடி, வாயைத் திறந்து சாய்ந்திருப்பவர் அவர். டீச்சர் முகம் தாள் கட்டுக்குப் பின்னால். கையில் மூக்கு ஆபரேஷன் ஃபைல் வைத்திருப்பவரும் அவர்தான்.

ஷட்டர் ஒருமுறை பலமாக ஏறியது. தன் சத்தத்தில் தானே திடுக்கிட்டு டீச்சர் எழுந்தார். எழுந்த வேகத்தில் இருபத்தாறு வருஷப் பழக்கம் வாயில் வந்துவிட்டது.

"ஏங்க! ஊரே பாக்குது, இங்க வந்துமா குறட்டை..."

பாதியில் குரல் அறுந்தது. டீச்சரின் விரல் தானாகப் போய்த் தன் மூக்கைத் தொட்டது. காது மடல் இரண்டும் சிவந்தன.

ஒரு வார்த்தை. கண்ணாடிக்காரர் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஒன்பது வருஷத்துக் கணக்கு அங்கேயே தீர்ந்திருக்கும். நாலாவது கேள்விக்கு சைபர், டாக்டர் கையெழுத்து, எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்.

"மன்னிச்சுக்குங்க," என்றார் அவர், அறைக்கே கேட்கிற மாதிரி. "கொஞ்சம் கண்ணசந்துட்டேன். என் மூக்கு அப்படி."

டிரைவர் எழுந்துவிட்டார்.

"ஆபரேஷன் பண்ணியுமா சார்?"

"இல்லீங்க, அது வந்து..."

"ஒரு வாரம் நரகம்னு வேற சொன்னீங்க! அப்புறமும் இதுதானா?" டிரைவர் நர்ஸிடம் போனார். "சிஸ்டர், நாளைக்கு நான் வரல. என் பேரை அடிச்சிடுங்க." பஸ்ஸை ரிவர்ஸில் எடுப்பவர்போல இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வெளியே போய்விட்டார்.

மூக்கும் முழியுமாக நன்றாக ஆகியிருக்க வேண்டிய ஒரு மனிதரை நாம் கெடுத்துவிட்டோமே என்று கண்ணாடிக்காரர் வாசலையே பார்த்தார். ஆனால் சொன்னதைத் திருப்பி வாங்க முடியாது. பக்கத்தில் டீச்சர் திருத்திய தாளையே மறுபடி திருத்திக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மாவுக்கு விஷயம் அவர்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. விளக்கு வைத்த குழாயை மூக்குக்குள் விட்டு அந்தண்டை இந்தண்டை பார்த்தார்.

"உள்ள புதுசா தார் ரோடு போட்ட மாதிரி இருக்கு. இதுல குறட்டை எங்கேர்ந்து வருது? பேப்பரைக் குடுங்க."

கண்ணாடிக்காரர் பேனாவை எடுத்தார். மூக்கு கனம், சைபர். அடைப்பு, சைபர். மூச்சு, சைபர். நாலாவதைத் தாண்டி ஐந்தாவதுக்கும் சைபர் போட்டார். பிறகு திரும்பி வந்து, நாலாவதில், நாலு என்று எழுதினார். அதை எழுதும்போது, வரப்போகிற தலையணை ஒன்று வாசல்வரை வந்து திரும்பிப் போவதுபோல இருந்தது.

டீச்சர் சிவப்புப் பேனாவைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

"மத்ததெல்லாம் சைபர், தூக்கம் மட்டும் நாலா?" டாக்டரம்மா நெற்றியைச் சொறிந்தார். "அப்ப குறை மூக்குல இல்ல. அண்ணத்துல இருக்கலாம். இந்தப் பெட்டியைத் தலைமாட்டுல வைங்க. ரூம்ல கேக்கற சத்தம் எல்லாம் பதிவாகும். குறட்டை பலமா இருந்தா, அண்ணத்துல ஒரு சின்ன வேலை பண்ணிடலாம்."

"வேலைன்னா... கத்தியா?"

"சின்னக் கத்திதான்." டாக்டரம்மா டீச்சர் பக்கம் திரும்பினார். "மேடம், கூடப் படுக்கிறவங்க எழுத வேண்டிய தாள் ஒண்ணு இருக்கு. ரெண்டு பக்கமும் நிரப்புங்க. அதனால இன்னிக்கு நீங்க அதே ரூம்லதான் படுக்கணும்."

"நானா?" என்றார் டீச்சர்.

"பின்ன, நானா?"

வீடு வந்ததும் டீச்சர் நேராகக் குளியலறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். கூடத்தில் மகள் உட்கார்ந்திருந்தாள். ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை. சத்தங்களைத் துவைத்துக் காயப்போட்டு அனுப்புகிறவள். பெட்டியைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"என்னப்பா, சைபர் வாங்கிட்டு வருவீங்கனு பாத்தா, பொட்டியோட வர்றீங்க?"

கண்ணாடிக்காரர் குரலைத் தாழ்த்தி நடந்ததைச் சொன்னார். மகள் ஆச்சரியப்படவில்லை. நகத்தைக் கடித்தாள்.

"எனக்குத் தெரியும்பா."

"என்ன தெரியும்?"

"ஆபரேஷனுக்கு முன்னாடி டாக்டருக்காக உங்க குறட்டையை இந்தக் கூடத்துல வெச்சுப் பதிவு பண்ணினேன்ல? கேட்டுப் பாத்தா ரெண்டு இருந்துச்சு. இந்த ரூம்லேர்ந்து ஒண்ணு, அந்த ரூம்லேர்ந்து ஒண்ணு. ஒண்ணை மட்டும் சுத்தமா அழிச்சுட்டு அனுப்பினேன்."

"அடிப்பாவி! ஏன் சொல்லல?"

"யார்கிட்ட? அம்மாகிட்டயா? நீங்க சொல்வீங்களா?"

கண்ணாடிக்காரர் யோசித்தார். "மாட்டேன்."

"பாத்தீங்களா?"

"இதையும் அழிச்சிடேன்மா."

"ஆஸ்பத்திரிப் பொட்டிப்பா அது. சீல் வெச்சிருக்கு. நாளைக்குக் காலைல உள்ளது உள்ளபடி டாக்டருக்குப் போயிடும்." மகள் பையை எடுத்துக்கொண்டாள். "நீங்களாச்சு, அம்மாவாச்சு. இன்னிக்கு நான் ஃப்ரெண்டு வீட்ல தங்கிக்கறேன். இதை நேர்ல கேக்கற தைரியம் எனக்கு இல்ல."

இருட்டி, சாப்பாடும் முடிந்தது. கண்ணாடிக்காரர் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தார். டீச்சர் ஒருதரம் விட்டால் தான் இரண்டுதரம் விட வேண்டும். டீச்சரின் ரம்பம் தெரியாதபடி பழைய இடியால் மூடிவிட வேண்டும். கத்தி வந்தால் வரட்டும். மூக்கைக் கொடுத்தவர் அண்ணத்தையும் கொடுத்துவிட்டுப் போகிறார்.

கட்டிலில் மல்லாந்து படுத்தார். கண்ணை மூடி, மூச்சை இழுத்தார்.

சொய்ங் என்று, வெண்ணெயில் கத்தி போவதுபோலக் காற்று உள்ளே போனது. ஒரு சத்தம் இல்லை.

வாயைக் கோணினார். தாடையைத் தொங்கவிட்டார். மூக்கைத் திருகிப் பிடித்துக்கொண்டு இழுத்தார். பன்றிக்குட்டி ஒன்று தூக்கத்தில் கேள்வி கேட்பதுபோல 'ஙீ?' என்று ஒரு சின்ன ஒலி வந்தது. ஐம்பத்திரண்டு வருஷம் தூங்கிக்கொண்டே செய்த காரியம், முழித்துக்கொண்டு செய்தால் வரமாட்டேன் என்கிறது!

"என்ன பண்றீங்க?"

கதவருகில் டீச்சர். ஒரு கையில் அந்தத் தாள். இன்னொரு கையில் தலையணை.

கண்ணாடிக்காரர் மூக்கை விட்டார். "ஒண்ணுமில்ல. மூச்சுப் பயிற்சி."

டீச்சர் உள்ளே வந்தார். தலையணையைக் கட்டிலின் மறுபக்கம் வைத்தார். உடனே கையை எடுக்காமல், அது திரும்ப ஓடிவிடும் என்பதுபோல அழுத்திப் பிடித்திருந்தார். தைல வாசனை அறை முழுக்கப் பரவியது.

"இந்த வாசம் உங்களுக்கு எத்தனை நாளா தெரியும்?"

"வாசமா? ஆறு வாரமா."

"காரணம்?"

"இன்னிக்கு மத்தியானத்துலேர்ந்து."

டீச்சர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். நிமிர்ந்து ஃபேனைப் பார்த்தார். கண்ணாடிக்காரர் சொன்னபடி அது நன்றாகத்தான் ஓடியது.

"அத்தனை பேர் முன்னாடி எதுக்கு உங்க பேர்ல போட்டுக்கிட்டீங்க?"

"இருபத்தாறு வருஷமா என் பேர்லதானே இருக்கு. கூட ஒண்ணு."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கப் பார்த்ததில் கண்ணில் வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "அந்த டிரைவர் பாவங்க," என்றார். "என் சத்தத்தைக் கேட்டு ஓடிட்டாரு. இனிமே எத்தனை வருஷம் வாயால மூச்சு விடுவாரோ."

"அதான் எனக்கும் உறுத்துது."

"உங்க அண்ணத்துல வேற கை வெக்கப்போறாங்க."

"அது பரவாயில்ல."

"என்ன பரவாயில்ல? தப்பான விடைக்கு யாராவது ஆபரேஷன் பண்ணிப்பாங்களா?"

டீச்சர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை மடியில் விரித்தார். முதல் பக்கம் நேரம், தேதி, சாதாரணக் கேள்விகள். மளமளவென்று நிரப்பினார். திருப்பினார். பின்பக்கத்தில் கடைசியாக ஒரே ஒரு வரி.

'உடன் உறங்குபவருக்கும் குறட்டை உண்டா? ஆம் / இல்லை.'

சிவப்புப் பேனா அந்தரத்தில் நின்றது. முப்பது வருஷத்தில் எத்தனையோ பேருடைய தப்பைத் தயங்காமல் சுழித்த பேனா.

கண்ணாடிக்காரர் கழுத்தை நீட்டினார்.

"அந்தப் பக்கம் திரும்புங்க," என்றார் டீச்சர். "பரீட்சை எழுதும்போது எட்டிப் பாக்கற பழக்கமெல்லாம் எனக்குப் பிடிக்காது."

அவர் சமர்த்தாகச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகுக்குப் பின்னால், ரொம்ப நேரத்துக்கு அப்புறம், பேனா ஒரே ஒருமுறை கிறீச்சிட்டது. தாள் நாலாக மடிக்கப்படும் சத்தம். உறைக்குள் போகும் சத்தம். உறையை ஒட்டும் பசையின் வாசனை.

என்ன எழுதியிருப்பாள்? புது மூக்கை எவ்வளவு விரித்து இழுத்துப் பார்த்தாலும் அது மட்டும் தெரியவில்லை.

"எந்தப் பக்கம் படுக்கறீங்க நீங்க? மறந்தே போச்சு," என்றபடி, டீச்சர் தலைமாட்டில் இருந்த பெட்டியின் பொத்தானை அழுத்தினார். சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.